மறு: பேஸ்ஃப்ளோவுக்கு ஊறோட்டமா, அடி ஓட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் பேஸ்ஃப்ளோ (baseflow) என்பதற்கு இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள்: அடிப்படை ஓட்டம், அடி ஓட்டம், தள ஓட்டம், கசிவோட்டம், ஊற்றோட்டம், ஊறோட்டம். முதல் மூன்றும் எனக்கு வேண்டாம். கசிவோட்டத்தை விட மனமில்லை, ஆனாலும் விடத்தான் வேண்டும். கடைசி இரண்டில்தான் பேச்சே இருக்கிறது.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். மழை விட்டு வாரக்கணக்கில் ஆன பிறகும் காட்டுப் பள்ளத்தில் தண்ணீர் போகிறதே, அது எங்கிருந்து வருகிறது? மேலே ஏரி இல்லை, உருகப் பனியும் இல்லை. சரிவின் மண்ணிலும் அதற்குக் கீழே சிதைந்து கிடக்கும் பாறையிலும் இறங்கிய மழைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு வந்து சேர்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்தபின் அந்தியூர், சத்தி பக்கத்து மலையடிவாரப் பள்ளம் எதிலாவது இறங்கிப் பாருங்கள். நடுவில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். ஆனால் கரையோரத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேல்வரை மண் கறுத்து மினுமினுக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அந்தக் குழியில் தண்ணீர் கூடும். 'இதோ ஊத்து' என்று ஓர் இடத்தைக் காட்ட முடியாது. கரை நெடுகவும் அதுதான்.

> அடிப்படை ஓட்டம் என்று அகராதியிலேயே இருக்கிறது. புதிதாக எதற்கு?

இருக்கிறது, யாருக்கும் புரிவதில்லை, அதனால்தான். 'அடிப்படை உரிமை', 'அடிப்படை ஊதியம்' வரிசையில் போய் நின்றுகொள்ளும் சொல் அது. தண்ணீர் பற்றி ஒன்றும் சொல்லாது.

அடி ஓட்டம் வேறு வகையில் கெடுதல். கோடையில் அமராவதி மணலில் குழி பறித்தால் தண்ணீர் கிடைக்கும். மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கடியில் ஆறு நகர்ந்துகொண்டிருக்கிறது. அடி ஓட்டம் என்ற பெயருக்கு உரிமை அதற்குத்தான். அதையும் இதையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டும் கெடும்.

> கசிவோட்டம் சின்னச் சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. ஈரோட்டுப் பக்கம் போய்க் 'கசிவு' என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு நேராகக் கீழ்பவானி வாய்க்காலுக்குப் போய்விடும். 2,07,000 ஏக்கருக்குப் பாயும், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீள வாய்க்கால். மண் கரையிலிருந்து கசிவதை நம்பிக் கீழே கிணறுகளும் கசிவுநீர்ப் பாசனமும் இருக்கின்றன. காங்கிரீட் போடலாமா கூடாதா என்ற சண்டையே இந்தக் கசிவைப் பற்றியதுதான். இவ்வளவு சுமை ஏறிய சொல்லைக் காட்டுப் பள்ளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

> ஊற்றோட்டம்? ஊத்துக்குளி என்று ஊரே இருக்கிறதே!

ஊற்று என்றால் கண் வேண்டும், ஊற்றுக்கண். மேலே சொன்ன கரையில் கண் கிடையாது. ஒரு மலைச்சுனை ஓடையில் கலந்தால் அதை ஊற்றோட்டம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஓடையின் நீரில் பெரும்பங்கு இப்படிக் கண்காணாமல் வருவது.

ஆகவே ஊறோட்டம். ஊறுகிற ஓட்டம், ஊறிய ஓட்டம், ஊறும் ஓட்டம் என மூன்று காலத்துக்கும் ஒத்துவரும் வினைத்தொகை. ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். ஊறுகாயைப் பார்த்து யாரும் அஞ்சவில்லையே அம்மா.

எனக்குள்ள தயக்கம் வேறு. நீரியலாளர் பேஸ்ஃப்ளோ என்ற சொல்லை உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்? ஓடையின் குறுக்கே 'வி' வடிவில் வெட்டிய தகடு பொருத்திய சிறு தடுப்பணை. வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கருவி பதிகிறது. அந்த உயரத்திலிருந்து நொடிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். (வெட்டில் ஒரு தேக்கிலை சிக்கினால் போதும், மட்டம் ஏறி இல்லாத வெள்ளத்தைக் காட்டிவிடும். காட்டில் அளப்பவர் பொழுதில் பாதி சருகு வாருவதில் போகிறது.) இப்படிக் கிடைக்கும் ஹைட்ரோகிராஃபில் (நேரத்துக்கு நேரம் ஓட்டம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) மழைக்கு ஒரு மேடு எழும்பி, பிறகு வால் போலச் சரியும். அந்த மேட்டை அடியிலிருந்து ஒரு கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில், வட கரோலினாவின் கொவீட்டா காட்டில் வேலை செய்த நீரியலாளர்கள் ஹியூலெட்டும் ஹிப்பர்ட்டும் 1967-ல் சொன்ன முறை: சதுர கிலோமீட்டருக்கு நொடிக்கு 0.55 லிட்டர் என்ற வீதத்தில் மணிதோறும் உயரும் சாய்கோடு. கோட்டுக்கு மேலே விரைந்து வந்தது, கீழே தாமதித்து வந்தது. தண்ணீர் எங்கே கிடந்தது என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அது நாம் போட்ட கோடு.

பிறகு ஆக்சிஜன் 18, டியூட்டீரியம் என்று ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் எடை வேறான அணு) வைத்துத் தண்ணீரின் அடையாளத்தையே பார்க்க ஆரம்பித்தார்கள். ஈரமான நாடுகளின் காட்டுச் சிற்றோடைகள் பலவற்றில், வெள்ளத்தின் உச்சியிலேகூடப் பாதிக்கு மேல் பழைய நீர்! அன்றைய மழை அல்ல, மண்ணுக்குள் முன்பே கிடந்து, புது மழை இறங்கியதும் வெளியே வந்தது. நம் ஊரில் செந்தண்ணி வந்தால் 'புதுத்தண்ணி' என்போம். அந்தச் சிவப்பு நிறம் மண்ணைக் காட்டுகிறதே தவிர நீரின் வயதைக் காட்டுவதில்லை. (மழைமறைவில் உள்ள நம் சரிவுகளுக்கு அந்தப் 'பாதிக்கு மேல்' என்பதை அப்படியே ஒட்ட வேண்டாம். காய்ந்து இறுகிய நிலத்தில் கொட்டும் மழை வேறு மாதிரி ஓடும்.)

இப்போது சிக்கல் தெரிகிறதா? ஊறோட்டம் என்பது நீர் வந்த வழியைச் சொல்கிறது. அந்த வழியில் வருவது வெள்ளத்திலும் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே உள்ளதற்கு மட்டும் ஊறோட்டம் என்று பெயர் வைத்தால், மேட்டில் உள்ளதெல்லாம் ஊறாமல் வந்தது என்று நாமே பொய் சொன்னதாகும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருளும் ஒளிந்திருக்கின்றன. நாமும் அதே குழப்பத்தைச் சுமக்க வேண்டுமா? என் முன்மொழிவு: வழியைச் சொல்ல ஊறோட்டம், கோடு பிரிப்பதைச் சொல்ல விரைவோட்டம், தாமத ஓட்டம் என்ற இணை. ஐசோடோப்புக்காரருக்குப் புதுநீர், பழநீர்.

கோடையில் தொல்லை இல்லை. வெள்ளமே இல்லாதபோது தாமத ஓட்டம் முழுவதும் ஊறோட்டம்தான். ஊட்டி அருகே கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு வடிநிலங்களை (ஓர் ஓடைக்குத் தண்ணீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு) அளந்தார்கள். 1972-ல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் தைல மரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது, கோடை வரத்தும் சுருங்கியது. 'மரம் வைத்த வடிநிலத்தில் கோடை ஊறோட்டம் குறைந்தது' என்று எழுதிப் பாருங்கள், உழவருக்கும் புரியும். 'அடிப்படை ஓட்டம் குறைந்தது' என்றால் அரசாணை மாதிரி இருக்கிறது.

அந்தியூர் பக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு வரட்டுப்பள்ளம் என்று பெயர் வைத்தவர்களுக்கு ஊறோட்டம் இல்லாத பள்ளம் எதுவென்று தெரிந்தே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியாக, விரைவோட்டத்துக்கு 'வெள்ளவோட்டம்' என்று எழுதியவருக்கு: தட்டச்சில் ஓர் எழுத்து விழுந்தால் வெள்ளோட்டம் ஆகிவிடும், பேருந்து விட வேண்டிவரும்.

-----

மறுமொழி, கோபியிலிருந்து:

தம்பி, பிரித்தது சரிங்க. 'தாமத ஓட்டம்' மட்டும் இடிக்குது. தாமதம்னா வர வேண்டிய நேரத்துக்கு வரலைங்கிற குறை அதுல இருக்கு. தண்ணி அதுபாட்டுக்கு மெதுவா வருது, அதுமேல என்ன குத்தம்? மெல்லோட்டம்னு வைங்க. விரைவோட்டம், மெல்லோட்டம், ஜோடி பொருந்துதுங்களே.

-----

பொருந்துதுங்க ஐயா. பட்டியலில் ஏற்றிவிட்டேன்: ஊறோட்டம், விரைவோட்டம், மெல்லோட்டம், புதுநீர், பழநீர். வேறு யாருக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்து, மழை மரத்தின் தண்டு வழியாக வழிந்து இறங்குவதற்குச் சொல் வேண்டும். 'தண்டொழுக்கு' என்று ஒருவர் தனியஞ்சலில் அனுப்பியிருக்கிறார். அதற்குப் புது இழை தொடங்குங்கள், இதிலேயே தொடர வேண்டாம்.