கரிவளிப் பொதிவு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கரியமில வாயு காற்றில் கலக்காதபடி அதை நிலத்தடிப் பாறைகளுக்குள் செலுத்தி வைப்பதைக் ‘கரிமச் சேமிப்பு’ என்று அழைக்கலாம் என முன்மொழிந்திருக்கிறீர்கள். அதை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. சேமிப்பது பின்னால் எடுத்துப் பயன்படுத்துவதற்காக. குளிர்காலத் தேவைக்கென இயற்கை எரிவாயுவை நிலத்தடியில் இறக்கி வைக்கிறார்களே, அதற்கு அச்சொல் பொருந்தும். இங்கோ, உள்ளே போன வாயு வெளியே வரவே கூடாது.

அதற்கு மாற்றாகத் ‘தேக்கம்’ என்றால், பூமிக்கடியில் ஒரு பெரிய குகை இருப்பதாகவும் அதில் வாயு நிரம்பி நிற்பதாகவும் படிப்பவர் எண்ணிக்கொள்வார். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில் 1996 முதல் நடந்துவருவது அதுவன்று. வடகடலில், கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் கீழே உள்ள உட்சீரா மணற்பாறையில், மணல் துகள்களுக்கு இடைப்பட்ட நுண்துளைகளிலிருந்து உப்புநீரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் கரியமில வாயு அமர்கிறது. அந்த ஆழத்தின் அழுத்தத்தில் அது நீர்மத்தைப் போல அடர்ந்துவிடுவதால், குறைந்த இடத்தில் மிகுந்த அளவு அடங்குகிறது. மேலே படர்ந்துள்ள களிப்பாறை அதை மேலெழ விடுவதில்லை. தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் இவ்வாறு செலுத்தப்பட்டது.

ஆகவே ‘கரிவளிப் பொதிவு’ என்பதே என் முன்மொழிவு; கரியமில வாயுவைத்தான் ‘கரிவளி’ என்கிறேன். பொருள் பொதிந்த சொல் என்று நாம் சொல்லும்போது, பொருளைச் சொல்லிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடியாதபடி அது உள்ளடங்கியிருப்பதைத்தான் குறிக்கிறோம். ‘பொதித்தல்’, ‘பொதித்த அளவு’, வாயுவை ஏற்கும் பாறைக்குப் ‘பொதிபாறை’, அதன் மேலுள்ளதற்கு ‘மூடுபாறை’ என்று சொற்குடும்பமும் தானாக விரிகிறது. கணினித் துறையில் ‘பொதி’ வேறு பொருளில் வழங்குவது உண்மைதான். ஆனால் ‘கரிவளி’ என்ற முன்னொட்டு நிற்கும்வரை குழப்பம் நேராது.

ஐஸ்லாந்தில் நடந்ததற்கு மட்டும் தனிச்சொல் வேண்டும். அங்கே ஹெல்லிஷெய்டியில் 2012-இல் நீரில் கரைத்துப் பசால்ட் எனும் எரிமலைப் பாறைக்குள் செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டே ஆண்டுகளுக்குள் கார்பனேட் கனிமமாக மாறிவிட்டதை 2016-இல் அறிவித்தார்கள். இதற்குக் ‘கல்லாதல்’ அழகான சொல்தான்; எனினும் கற்காதிருத்தல் என்ற பொருள் முந்திக்கொள்ளும் என்பதால் ‘கனிமமாதல்’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.