பிரேயஸிலிருந்து சான்டோரினி: பெரிய கப்பலா, வேகப் படகா?

தேன்மொழி: ஜூலைக் கடைசியில் ஏதென்ஸ் போய், அங்கே பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சான்டோரினித் தீவு. நான், கணவர், மாமியார், ஆறு வயசுப் பையன். பெரிய கப்பலில் ஏறக்குறைய எட்டு மணி நேரம், வேகப் படகில் ஐந்து என்கிறார்கள். எதில் டிக்கெட் போடலாம்?

ஊர்சுற்றி: யோசிக்க என்ன இருக்கிறது? வேகப் படகுதான். காலையில் ஏறினால் மதியச் சாப்பாடு தீவில். பிள்ளையையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் கடலில் கிடப்பது விடுமுறையா, தண்டனையா?

கடல்காகம்: அண்ணே, ஜூலைக் கடைசி என்று சொன்னதைக் கவனித்தீர்களா? மெல்டெமி வீசும் காலம். வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று. வானத்தில் ஒரு மேகம் இருக்காது, கடல் மட்டும் கொந்தளிக்கும். வேகப் படகு தூக்கித் தூக்கிப் போடும். சீட்டை விட்டு எழ முடியாது, பலவற்றில் வெளியே போய் நிற்கத் தளமும் கிடையாது. காற்று ஏறினால் முதலில் நிறுத்தப்படுவதும் இவைதான்.

ஊர்சுற்றி: பெரிய கப்பல் மட்டும் என்ன கோட்டையா? 2000 செப்டம்பரில் பாரோஸ் தீவுப் பக்கத்தில் பாறையில் மோதி மூழ்கிய எக்ஸ்பிரஸ் சமினா பெரிய கப்பல்தானே? 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

கடல்காகம்: 1966இல் கட்டிய கப்பல் அது. ஊரறிந்த பாறையில் மோதியது மாலுமிகளின் அலட்சியத்தால்; வழக்கில் தண்டனையும் ஆனது. அதை வைத்து இன்றைய கப்பலை எடை போடாதீர்கள்.

தேன்மொழி, பையனுக்காகவாவது பெரிய கப்பலில் போங்கள். வழியில் பாரோஸ், நாக்ஸோஸ் தீவுகளின் துறைமுகங்களில் அது ஒதுங்குவதை மேல்தளத்திலிருந்து பார்க்கலாம். உள்ளே வந்து அப்படியே திரும்பி, நங்கூரத்தை இறக்கிவிட்டு, சந்துக்குள் லாரி நுழைவதுபோல் பின்பக்கமாக வரும். கரையைத் தொடுமுன்பே பின்கதவு இறங்கத் தொடங்கும். லாரி, பைக், பெட்டி உருட்டுகிற கூட்டம் எல்லாம் அந்த ஒரே வழியில். சில நிமிடத்தில் கதவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். கடைசியில் சான்டோரினியின் கடல் நிறைந்த எரிமலைப் பள்ளத்துக்குள் நுழைகிறபோது, செங்குத்துப் பாறை உச்சியில் வெள்ளை வீடுகள். வேகப் படகில் இதையெல்லாம் உப்பு படிந்த கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை: விமானத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? முக்கால் மணி நேரம்தானே.

ஊர்சுற்றி: நாலு பேருக்கு ஜூலை விலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

தேன்மொழி: மாமியாருக்கு முழங்கால் வலி. கப்பலில் ரொம்பப் படி ஏற வேண்டுமா?

கடல்காகம்: வண்டித்தளம் வழியாகத்தான் ஏறுவீர்கள். புதிய கப்பல்களில் அங்கிருந்தே நகரும் படிக்கட்டு, லிஃப்ட் உண்டு. இறங்கும்போது அறிவிப்பு வந்ததும் எல்லோரும் முண்டியடிப்பார்கள். அவரை முன்னாடியே லிஃப்ட் பக்கம் கூட்டிப் போய்விடுங்கள்.

ஊர்சுற்றி: எட்டு மணி நேரம் அதிகம்தான், என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒன்று: எதில் போனாலும், தீவிலிருந்து திரும்புகிற அன்றே ஊருக்கு விமானம் போடாதீர்கள். காற்று பலத்தால் எல்லாக் கப்பலையும் கட்டிப்போடுவார்கள். டிக்கெட் காசு திரும்ப வரும், போன விமானம் வராது.

கடல்காகம்: இதில் அண்ணன் சொல்வது சரி. கடைசி இரவு ஏதென்ஸிலேயே தங்கிவிடுங்கள்.