பொலேரோ பிக்கப் லோடோடு 17 மைலேஜா? யாருக்குக் காது குத்துறீங்க?

முட்டை_வண்டி_நாமக்கல்:
மைலேஜ் குறைகிறது என்று பாவம் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே போய் நம் கேரட்_மேட்டுப்பாளையம் அண்ணன், "என் பொலேரோ பிக்கப் ஊட்டி கேரட் லோடோடு லிட்டருக்கு 17 கொடுக்கிறது. ஓட்டத் தெரிந்தால் எல்லா வண்டியும் கொடுக்கும்" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. என்னிடமும் அதே வண்டிதான், அதே 2523 சிசி இன்ஜின். நாமக்கல்லில் முட்டை ஏற்றி பெங்களூரில் இறக்கிவிட்டுக் காலி ட்ரேயோடு திரும்பினால் 12, மிஞ்சிப்போனால் 12.5. அப்போ நான் ஓட்டத் தெரியாதவனா?

அண்ணா, ஒரே கேள்வி. டேங்க் நிரப்பும்போது ஆட்டோ கட் ஆனதும், அதாவது நாசில் தானாகவே நின்றதும் நிறுத்துகிறீர்களா, கழுத்து வரை விடுகிறீர்களா?

கேரட்_மேட்டுப்பாளையம்:
வாங்க தம்பி. டயர் காற்று விவாதத்தில் வாங்கியது இன்னும் ஆறவில்லை போல. ஆட்டோ கட்தான். அதற்கு மேல் விடக்கூடாது என்று பங்க்கிலேயே சொல்வார்கள். 17 வருகிறது, போன வாரமும் வந்தது. மலையில் பழகின கால், ஆக்சிலேட்டரை மிதிக்காது, தடவும்.

முட்டை_வண்டி_நாமக்கல்:
மாட்டிக்கொண்டீர்கள். டீசல் நுரைக்கும். நுரை நாசிலைத் தொட்டதும் கட் ஆகிவிடும், டேங்க்கில் இன்னும் இடம் இருக்கும். பொறுமையாக விட்டால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கூட இறங்கும். முதல் தடவை கழுத்து வரை, அடுத்த தடவை ஆட்டோ கட் வரை என்று நிரப்பினால் 17 என்ன, 20 கூட வரும்.

கேரட்_மேட்டுப்பாளையம்:
இரண்டு தடவையும் ஆட்டோ கட் என்கிறேன். தமிழ்தானே படிக்கிறீர்கள்?

தோஸ்த்_ஒசூர்:
நடுவில் ஒரு சந்தேகம். "லோடோடு 17" என்றால் போகவர சேர்த்தா, லோடு இருக்கும் பாதி தூரத்துக்கு மட்டுமா? ஊட்டிக்குக் காலியாக ஏறி, கேரட்டோடு இறங்குகிறார். டேங்க் நிரப்பிய இடம் மேலேயா, கீழேயா? அது தெரியாமல் பேசி என்ன பயன்?

டீசல்_பம்ப்_மெக்கானிக்:
இன்ஜெக்டரைக் கையில் பிடித்துப் பார்க்காதவர்கள் எல்லாம் மைலேஜ் பேசுகிற காலம் இது. சரி, நான் சொல்லாமல் யார் சொல்வது.

முட்டை தம்பி, ஆட்டோ கட் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. 20 லிட்டர் போடுகிறவனுக்கு 2 லிட்டர் வித்தியாசம் என்றால் கணக்கில் பத்தில் ஒரு பங்கு காலி. ஆனால் டேங்க் டேங்க்காகத் தொடர்ந்து எழுதி வைத்து மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தப்பு கரைந்துவிடும். ஒரே டேங்க்கை வைத்து மைலேஜ் சொல்பவனை நான் பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன்.

இன்னொன்று, உங்கள் வண்டிக்கு 12 வருவது ஏன் என்று உங்களுக்கே தெரியவில்லை. முட்டையின் எடை ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனால் கேபினுக்கு மேலே ஆள் உயரத்துக்குக் கூண்டு கட்டி, தார்பாயைப் பொத்திக்கொண்டு, கிருஷ்ணகிரி ரோட்டில் 80-ல் போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் இருப்பதைவிட 80-ல் அது முக்கால் பங்குக்கு மேல் அதிகம். உங்கள் டீசலைக் குடிப்பது அந்தக் கூண்டு.

முட்டை_வண்டி_நாமக்கல்:
என் கூண்டு பற்றி யாரும் கேட்கவில்லை சார். கேட்டது ஆட்டோ கட். 60-ல் போனால் முட்டை பெங்களூர் சேர்வதற்குள் குஞ்சு பொரித்துவிடும்.

குட்டியானை_திண்டுக்கல்:
702 சிசி, இரண்டே சிலிண்டர். உங்கள் சண்டையைப் படித்துவிட்டு என் டாடா ஏஸ் சிரிக்கிறது. 🐘

கேரட்_மேட்டுப்பாளையம்:
மெக்கானிக் சார் சொன்னதைப் பாருங்கள், கூண்டுதான் காரணமாம். நான் அப்போதே சொன்னேன், ஓட்டத் தெரியவேண்டும் என்று. என் வண்டிக்குத் திறந்த பாடி, மூட்டை கேபின் உயரத்தைத் தாண்டாது. 17.

டீசல்_பம்ப்_மெக்கானிக்:
கேரட் தம்பி, உங்களுக்குச் சாதகமாக நான் ஒன்றும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 சொச்சம் மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். ஏறத்தாழ 1900 மீட்டர் ஏற்றம். காலி வண்டியே ஒன்றரை டன்னுக்கு மேல். அதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் இரண்டு லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். சமதளத்தில் உருள்வதற்கு ஆகும் டீசல் தனி. ஐம்பது கிலோமீட்டர் ஏற்றத்தில் இவ்வளவு போனபிறகு 17 எங்கே இருந்து வரும்?

இறங்கும்போது டீசல் குடிக்காதுதான், ஒப்புக்கொள்கிறேன். எலக்ட்ரானிக் இன்ஜெக்டர் உள்ள காமன் ரெயில் இன்ஜினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலை அடைத்துவிடும், துளி இறங்காது. பழைய பம்ப் இன்ஜினிலும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதே வேலையைத்தான் செய்தது. நான் பம்ப் பிரித்த காலத்தில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கேட்டவன் ஒருத்தன் இல்லை. எல்லாரும் நியூட்ரல் போட்டுத்தான் இறங்குவார்கள். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் ஓட டீசல் வேண்டும், கியரில் வேண்டாம். நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்பவன் டீசலையும் விட்டு பிரேக் லைனரையும் எரிக்கிறான்.

தோஸ்த்_ஒசூர்:
இதைத்தான் நானும் கேட்டேன். டேங்க் நிரப்பியது மேலேயா, கீழேயா?

முட்டை_வண்டி_நாமக்கல்:
சார், தியரி எல்லாம் சரி. தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கிப் பாருங்கள். கியரில் விட்டால் வண்டி இழுத்துப் பிடிக்கும், நியூட்ரலில் விட்டால் அதுபாட்டுக்குக் கீழே வரை வரும். எது மிச்சம்?

டீசல்_பம்ப்_மெக்கானிக்:
அதுபாட்டுக்கு வந்த லாரிகள்தான் தம்பி அந்தக் கணவாயில் முன்னால் நின்ற வண்டிகள் மேல் ஏறியிருக்கின்றன. தொப்பூர் விபத்து என்றால் நியூட்ரல் என்ற பேச்சும் அடிக்கடி வரும். அரை லிட்டர் மிச்சம் பிடிக்க அங்கே நியூட்ரல் போடுகிறவரிடம் நான் மைலேஜ் பேசத் தயாரில்லை. என்னிடம் சர்வீஸுக்கும் வரவேண்டாம்.

முட்டை_வண்டி_நாமக்கல்:
நான் போடுகிறேன் என்று எங்கே சொன்னேன்? எது மிச்சம் என்றுதான் கேட்டேன். அப்புறம், உங்களிடம் சர்வீஸுக்கு வந்தவர்கள் கதை எங்களுக்கும் தெரியும் சார். கிளற வேண்டாம்.

டீசல்_பம்ப்_மெக்கானிக்:
கிளறுங்கள். யார் வந்தார், என்ன ஆனது? சொல்லுங்கள். வாயில் வந்ததை எழுதிவிட்டு ஓடக்கூடாது.

கேரட்_மேட்டுப்பாளையம்:
அவர் அப்படித்தான் சார். டயர் காற்று விஷயத்திலும் இப்படித்தான் ஓடினார். கோடையில் காற்றைக் குறைத்து ஓட்டினால் டயருக்கு நல்லது என்று சொன்ன மகராசன். குறைந்த காற்றில் டயர் இன்னும் சூடாகும் என்று நாலு பேர் சொன்னோம். இன்றுவரை பதில் இல்லை.

முட்டை_வண்டி_நாமக்கல்:
டயர் பற்றி நீங்கள் பேசவே கூடாது. உங்கள் பின் டயரில் பட்டன் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, நீங்களே போட்ட படத்தில் பார்த்தேன். தேய்ந்த டயர் சுற்றளவு குறைந்து கூடுதலாகச் சுற்றும், மீட்டர் 100-க்கு 2 கிலோமீட்டர் கூட்டிக் காட்டும். ஆட்டோ கட்டில் கொஞ்சம், மீட்டரில் கொஞ்சம். 17 வந்த வழி இதுதான்.

கேரட்_மேட்டுப்பாளையம்:
அது ரீட்ரெட், அதாவது பழைய டயர் மேல் புதுப் பட்டன் போடுவதற்கு முன்னால் எடுத்த படம். போட்ட பிறகும் 17தான்.

டீசல்_பம்ப்_மெக்கானிக்:
என் கேள்விக்கு முதலில் பதில். யார் வந்தார், என்ன ஆனது?

குட்டியானை_திண்டுக்கல்:
பங்க்கில் அளவு குறைகிறது என்றால் 5 லிட்டர் முத்திரை அளவையைக் கேட்டு வாங்கி ஊற்றிப் பார்க்கலாம். எல்லா பங்க்கிலும் வைத்திருக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். யாராவது கேட்டிருக்கிறீர்களா?

முட்டை_வண்டி_நாமக்கல்:
கேட்டேன். "சார் பின்னால் வண்டி நிக்குது" என்றான். ஜீரோ பார்க்கவே விடமாட்டான், இதில் அளவையாம். ஆனால் பங்க் குறைத்து ஊற்றினால் மைலேஜ் குறையத்தான் செய்யும், 17-க்கு ஏறாது. கேரட் அண்ணனுக்கு மட்டும் பங்க்காரன் கூட ஊற்றுகிறானோ என்னவோ.

தோஸ்த்_ஒசூர்:
மேலேயா? கீழேயா?

கேரட்_மேட்டுப்பாளையம்:
ஒசூர்க்காரருக்கு என்ன அவ்வளவு அக்கறை? உங்கள் ஊரில் செய்கிற வண்டி என்பதற்காக அசோக் லேலண்ட் தோஸ்த்தைத் தூக்கிப் பிடிக்க வந்தீர்களா? ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். என் லோடை அதில் ஏற்றி ஊட்டி மலைப்பாதையில் பர்லியாறு தாண்டிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

தோஸ்த்_ஒசூர்:
நான் தோஸ்த் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? பர்லியாறு பக்கம் லோடு ஏறுவதே இல்லையே, உங்கள் கேரட் இறங்கத்தானே செய்கிறது?

கேரட்_மேட்டுப்பாளையம்:
உரம் ஏற்றிப் போவதும் உண்டு.

முட்டை_வண்டி_நாமக்கல்:
இப்போது உரமும் வந்துவிட்டது! அடுத்து வீட்டுச் சாமானும் ஏற்றிப் போனேன் என்பார்.

டீசல்_பம்ப்_மெக்கானிக்:
உரம் இருக்கட்டும். முட்டை தம்பி, என் பட்டறையைப் பற்றிச் சொன்னதை நான் விடப்போவதில்லை. 'கதை' என்று எழுதினீர்களே, அதில் வரும் வண்டி எது, எந்த வேலை, என்ன குறை? மூன்றும் வரவேண்டும். இல்லையென்றால் அந்த வரியை அழியுங்கள்.

முட்டை_வண்டி_நாமக்கல்:
அழிக்கமாட்டேன். நாளைக்குக் காலையில் சேலத்தில் லோடு இறக்கிவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

டீசல்_பம்ப்_மெக்கானிக்:
எழுதுங்கள். வண்டி நம்பர் வேண்டாம், பில் தேதி போதும். என் பில் புத்தகம் எல்லாம் அப்படியே இருக்கிறது.