புதுப்பிப்பு: காட்டிலிருந்து வந்த பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை), எட்டு மாதம் கழித்து

“மேற்கு ஆப்பிரிக்காவின் தோகோவில் காட்டில் பிடித்த பெரிய பெண் பால் பைத்தான், பாதி விலை, வாங்கலாமா?” என்று இங்கே கேட்டிருந்தேன். பலரும் வேண்டாம் என்றீர்கள். நான் வாங்கினேன். சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரமே செதில்களுக்கு அடியிலிருந்து பதினொரு உண்ணிகளை எடுத்தேன். மலப் பரிசோதனையில் குடற்புழு. அதைவிடக் கொடுமை, ஐந்து மாதம் எதையும் தொடவில்லை. உறைந்த எலியை இளக வைத்து, சூடாக்கி நீட்டினால் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகிவிடும் (‘பால்’ என்றால் பந்து, பெயர் சும்மா வைக்கவில்லை). கடைசியில் ஆப்பிரிக்க மென்மயிர் எலி ஒன்றைக் கொடுத்தபோதுதான் பிடித்தது. அதன் ஊர் வாசனை போலும்.

இணை சேர்த்தாயா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. முட்டையிட்டால் இரண்டு மாதம்போல அதைச் சுற்றிக்கொண்டு பட்டினி கிடக்கும். இளைத்த பாம்புக்கு அது தாங்காது.

அப்புறம் ஒரு திருத்தம். “பண்ணைக் குஞ்சு” என்றால் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்தது என்று எழுதியிருந்தேன். தவறு. கானா, தோகோ, பெனினில் பெரும்பாலும் காட்டில் சினைப் பாம்பைப் பிடித்து, அதன் முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை ஏற்றுமதி செய்கிறார்கள். சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டில் இத்தகைய குஞ்சுகளுக்கு ‘ஆர்’ குறி. கூண்டில் பெருக்கியதற்கு ‘சி’.

இடையில் உள்ளூர் வளர்ப்பாளரிடம் வாங்கிய ஆண் குட்டி, வாரம் ஓர் எலி, தவறியதே இல்லை. விலை கூடத்தான், மருத்துவர் செலவைக் கூட்டினால் அதுவே மலிவு.

பெண் 1,350 கிராமிலிருந்து 1,100-க்கு இறங்கி, இப்போது 1,240. இந்தக் குளிர்காலத்தில் இணை பற்றிப் பேச்சே இல்லை.