'ரைவல்' என்றால் எதிரியா?

சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பு:
வணக்கம். டர்பனில் வார இறுதி வகுப்புக்கு மொழிபெயர்ப்புத் தாள் தயாராகிறது. "கைசர் சீஃப்ஸின் ரைவல் ஒர்லாண்டோ பைரேட்ஸ்" என்ற வரியைப் பிள்ளைகளில் பாதிப்பேர் "சீஃப்ஸின் எதிரி பைரேட்ஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணிகள்; கால்பந்தா, போரா என்று கேட்கத் தோன்றுகிறது. எந்தச் சொல்லைப் போட்டுத் திருத்துவது?

சொல்தேடி:
எதிரி வேண்டாம் அக்கா. அந்தச் சொல்லுக்குள் கெடுதல் நினைக்கிற மனசு இருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றத் தாள்களில் குற்றம் சாட்டப்பட்டவரையே 'முதல் எதிரி, இரண்டாம் எதிரி' என்று குறிப்பார்கள். ஆட்டத்தில் எதிரே நிற்பவர் எதிராளி, அணியானால் எதிரணி. சதுரங்கத்தில் எதிராளியின் குதிரையை வெட்டலாம், அதில் பகை இல்லை.

ஆனால் எதிரணி என்பது அன்றைய ஆட்டத்துக்கு மட்டும். நாளைக்கு வேறு யாரோடு ஆடினாலும் அவர்களும் எதிரணிதான். ஆண்டாண்டாகத் தொடர்வதற்குப் பேச்சில் 'போட்டி' என்றே சொல்லிவிடுவோம்: "சீஃப்ஸுக்குப் போட்டி பைரேட்ஸ்தான்." வேற்றுமை உருபைக் கவனியுங்கள். பிள்ளைகள் 'சீஃப்ஸின் போட்டி' என்று எழுதினால் சீஃப்ஸ் ஆடும் ஆட்டம் என்று பொருள் மாறிவிடும். 'கு' கட்டாயம்.

கடைத்தெரு:
'போட்டியாளர்' என்று திருத்துகிறவர்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பாட்டுப் போட்டியில் பெயர் கொடுத்த எல்லோருமே போட்டியாளர்தான், அங்கே அது பங்கேற்பவர். ரைவல் என்ற பொருள் வர "அவருக்குப் போட்டியாளர் இவர்" என்று ஆளைச் சுட்ட வேண்டும்.

வியாபாரத்தில் 'எதிர்க்கடை' என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள கடை, அவ்வளவுதான். அவன் அரிசி விற்பான், நீங்கள் செருப்பு விற்பீர்கள். வியாபாரத்தைப் பங்குபோடுவது போட்டிக் கடை.

பழஞ்சொல்:
சீஃப்ஸ், பைரேட்ஸ் இரண்டுக்கும் அச்சாகப் பொருந்தும் சொல் பங்காளி. கைசர் மோட்டாங் பைரேட்ஸில் ஆடியவர், 1970இல் பிரிந்து சீஃப்ஸைத் தொடங்கினார். ஒரே வீட்டிலிருந்து கிளைத்த சண்டை. தகப்பன் வழிச் சொத்தில் பங்குள்ளவர் பங்காளி, அந்தப் பங்கிலேயேதான் தகராறு முளைக்கும். 'தாயாதி' என்பதும் இப்படித்தான், தாயம் என்றால் பரம்பரைச் சொத்து. ஆனாலும் கல்யாணம், சாவு என்றால் பங்காளிகள் வந்து நிற்பார்கள். எதிரி வரமாட்டான்.

சக்களத்தி என்ற சொல்லை இங்கே இழுக்காதீர்கள், அது ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்களுக்கு இடையில் மட்டும். எழுத்து நடை வேண்டுமானால் 'மாற்றான்'. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்" என்கிறது 471ஆம் குறள். மாற்றாந்தாய் என்பதிலும் அதே 'மாற்று'தான், வேறானவர் என்பதே அடிப்படை.

சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பு:
நன்றி. தாளில் "சீஃப்ஸுக்குப் போட்டி பைரேட்ஸ்" என்றே போடுகிறேன். பங்காளியைப் பலகையில் எழுதி விளக்கலாம், இங்கே பிள்ளைகள் அதைத் தொழில் கூட்டாளி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சொல்தேடி:
'போட்டிக் கடை'யில் 'க்' விடுபடாமல் பாருங்கள். எதிரணியை 'எதிர் அணி' என்று பிரிக்கவும் வேண்டாம்.