விளக்கு வைக்கும் நேரத்தில் அணைந்துபோகும் கேமரா: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பட்டுக்கோட்டைக்காரர்:

எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கேமரா எட்டு மாதமாகக் கொடுத்த தொல்லை போன வாரம்தான் தீர்ந்தது. இதே தொல்லையில் இன்னொருவர் பணத்தை இழக்கக் கூடாது என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. ஊரில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு வாருங்கள் என்றால், மாட்டை யார் பார்ப்பது என்பார். சென்னையிலிருந்து என்னால் செய்ய முடிந்தது நான்கு கேமராக்கள் போட்டதுதான்: வாசல், திண்ணை, மாட்டுக்கொட்டகை, கிணற்றடி. இரவு படுக்கப்போகும் முன் கைப்பேசியில் நான்கையும் ஒருமுறை பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கிணற்றடிக் கேமரா பகலெல்லாம் பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்ததும் படம் கறுத்து, இணைப்பு இல்லை என்று வரும். இரண்டு நிமிடத்தில் திரும்பும், மறுபடி போகும். விடியும்வரை இப்படியே. பொருத்திக் கொடுத்தவர் இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் எல்லாம் சரியாகத்தானே இருக்கும்? கடைசியில் கேமராவே கெட்டுவிட்டது என்றார். 4,200 ரூபாய் கொடுத்துப் புதியதை மாட்டினோம். அன்று மாலையே புதியதும் அணைந்தது.

அம்மா இதை முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார். "சாயங்காலமானால் அந்தப் பெட்டி சிவப்பாகக் கண்ணைத் திறக்கிறது தம்பி, திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

ஊருக்குப் போனதும் துணி துவைக்கும் கல்லில் ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் மங்க மங்க, கேமராவுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பகலில் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் சிறு கண்ணாடிச் சில்லு சென்சாரின் முன்னிருந்து விலகுகிற சத்தம் அது. உடனே முகப்பு விளக்குகள் மங்கிய சிவப்பில் எரிந்தன. மூன்று எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்தது. ஒரு நிமிடம் போனதும் மறுபடி 'டக்', மறுபடி சிவப்பு, மறுபடி இருட்டு. அம்மா சொன்னது சொன்னபடியே கண்முன் நடந்தது.

மறுநாள் தெரு எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கி அளந்தேன். வீட்டுக்குள் அடாப்டர் முனையில் 12.1 வோல்ட். கிணற்றடியில் பகலில் 10.8. மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கிய நொடியில் 9-க்குக் கீழே இறங்கி, கேமரா அணைந்தது. காரணம் கம்பி. லேன் கேபிளில் மீதமிருந்த ஜோடிகளில் ஒரே ஒரு ஜோடிக் கம்பியில் 12 வோல்ட்டை 40 மீட்டர் அனுப்பியிருந்தார்கள். அந்த மெல்லிய 24 கேஜ் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 84 ஓம் தடை உண்டு. போக 40, வர 40 என்று 80 மீட்டருக்கு 6.7 ஓம். பகலில் கேமரா இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் தாக்குப்பிடித்தது. இரவில் அரை ஆம்பியரை நெருங்கும்போது மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோனது.

கேமராவின் பின்பக்கச் சீட்டில் பி.ஓ.இ. என்று அச்சிட்டே இருந்தது. லேன் கேபிளிலேயே 48 வோல்ட் அளவில் மின்சாரம் அனுப்பும் முறை அது. வோல்ட் நான்கு மடங்கானால் அதே வேலைக்கு ஆம்பியர் கால் பங்கு போதும், வழியில் இழப்பும் சொற்பம். 802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. தரத்தில், லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டியான சுவிட்ச் பக்கம் 15.4 வாட் கொடுத்தால் 100 மீட்டர் கேபிளின் மறுமுனையில் 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும். ஒரு சிறிய பி.ஓ.இ. சுவிட்ச் வாங்கி வைத்தேன். அன்றிலிருந்து ஒரு இரவுகூடப் படம் போகவில்லை.

உங்கள் வீட்டில், கடையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

*

மதுரை டெக்னீஷியன்:

தம்பி, பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இரவில் மட்டும் கேமரா போகிறது என்று யார் கூப்பிட்டாலும் மாலையில்தான் போவேன். பகலில் போய்ப் பார்ப்பது, காய்ச்சல் விட்ட பிறகு நாடி பார்ப்பது போலத்தான்.

இரவுப் படம் கெடுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் சிலந்தி. கேமராவின் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்சிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் ஒரே ஒரு நூல் தொங்கினால் போதும், அகச்சிவப்பு ஒளியில் அது தடித்த வெள்ளைக் கயிறாகத் தெரியும். ஒரு கோயிலில் இரவு ஒரு மணிக்கு மண்டபத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்து அசைந்து போகிறது என்று காவலாளி வேலைக்கு வர மறுத்துவிட்டார். ஏணி போட்டு ஏறி, கைக்குட்டையால் அந்த நூலை எடுத்து அவர் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினேன். காற்று வரும்போதெல்லாம் அசைவு என்று பதிவாகி, பதிவு சேமிக்கும் வட்டும் நிறைந்துகொண்டே இருந்திருக்கிறது. நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கை நான்கைந்து அடி தள்ளி மாட்டுங்கள். பூச்சி அங்கே போய்விடும்.

படம் முழுவதும் பால் ஊற்றியது போல மங்கினால் கேமராவை மூடியிருக்கும் டோம் (அரைக்கோள) கண்ணாடியைப் பாருங்கள். பொருத்தும்போது கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு பகலில் தெரியாது, இரவில் அதில் பட்ட ஒளி அப்படியே லென்சுக்குள் திரும்பும். லென்சைச் சுற்றிக் கறுப்பு நுரை வளையம் ஒன்று இருக்கும். அது கண்ணாடியோடு ஒட்டி உட்காராவிட்டாலும் இதே கதிதான். வெள்ளைச் சுவரை ஒட்டி, சன்ஷேடுக்கு நேர் கீழே மாட்டினாலும் அப்படித்தான். பக்கத்திலிருக்கும் வெள்ளையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், தூரத்தில் இருக்கும் ஆள் இருட்டில் நிற்பார்.

பகலில் வேப்பமர இலை ஊதாவாகத் தெரிகிறது என்று ஒரு அம்மா கூப்பிட்டார். நீங்கள் கேட்ட அந்த 'டக்' சத்தம் அங்கே வரவே இல்லை. சில்லு இரவு நிலையிலேயே சிக்கிக்கொண்டது. இலைகள் அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும், தடுக்கும் சில்லு இல்லாததால் பச்சை ஊதாவாகிவிடுகிறது. அமைப்பில் பகல், இரவு என்று ஐந்தாறு முறை கையால் மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது முறை சத்தம் வந்தது, இலையும் பச்சையானது. அப்படியும் வராவிட்டால் உள்பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

*

மளிகைக் கடைக்காரர், ஈரோடு:

எங்கள் கடையில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் மெதுவாக மேலேறிக்கொண்டே இருக்கும். டியூப்லைட்டை அணைத்தால் நின்றுவிடும். கேமராவை மாற்றச் சொன்னார்கள். பெரியப்பா மகன் வந்து அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்ததை 50 ஆக்கினான், பட்டை போய்விட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கேமரா 60-க்கு ஏற்ற வேகத்தில் பிடித்தால் இரண்டும் ஒத்துவராது என்று விளக்கினான். செலவு ஒரு டீ.

*

நூற்பாலை கணினிப் பிரிவு, திண்டுக்கல்:

எனக்கு நேர்ந்தது இணைப்புச் சிக்கல். மூன்று நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

எடைமேடைக் கேமரா திடீரென மறையும், வரும். சில நேரம் அதன் இடத்தில் பஞ்சு கிடங்கின் படம் வரும்! கேபிளை மாற்றினேன், சுவிட்சில் துளையை மாற்றினேன், கேமராவை மறுதொடக்கம் செய்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் கேமராவின் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மடிக்கணினியிலிருந்து அதன் ஐ.பி. முகவரிக்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளையைக் கொடுத்தேன். பதில் வந்தது. கேபிள் என் கையில் தொங்குகிறது, கேமரா பதில் சொல்கிறது!

அந்த முகவரி 192.168.1.64. எங்கள் கேமராக்கள் அவற்றைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து வரும்போதே இந்த முகவரியோடு வந்தவை. கிடங்கில் புதிதாகப் பொருத்தியவர்கள் அதை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரௌட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் கடைசி எண்ணை 100-க்கு மேல் என்று ஒதுக்கிவிட்டு, கேமராக்களுக்கு 11 முதல் வரிசையாக நிரந்தர முகவரி கொடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்டால் எழுதிவைத்தேன். புதிதாக வருகிற கேமராவை ஒவ்வொன்றாகத்தான் இணைப்பது என்பது இப்போது எங்கள் ஆலையில் விதி.

அதே ஆலையில் இன்னொன்று. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மட்டும் எல்லாப் படமும் சதுரம் சதுரமாக உடையும். 16 கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 8 மெகாபிட் வரை அனுப்பும்படி வைத்திருந்தார்கள். கூட்டினால் 128. சுவிட்சிலிருந்து பதிவுப் பெட்டிக்குப் போகும் ஒற்றை கேபிளின் கொள்ளளவு 100. ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஒவ்வொரு கேமராவும் குறைவாகவே அனுப்பும், அதனால் தெரியவில்லை. இருநூறு பேர் ஒரே நேரத்தில் நடந்தால் தெரிந்துவிடும். படத்தை இன்னும் சுருக்கி அனுப்பும் எச்.265 முறைக்கு மாற்றி 4 மெகாபிட்டாகக் குறைத்தேன். முகம் முன்போலவே தெரிகிறது. அப்படியும் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 43 ஜி.பி. வரை ஆகும். வட்டு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

*

கடலூர் சகோதரி:

மழை பெய்தால் கேமரா போகும், இரண்டு நாள் வெயில் அடித்தால் தானே வரும். எங்கள் வீட்டில் இதுதான் நிலைமை. பிரித்தபோது லேன் இணைப்பு முனையின் ஊசிகள் முழுவதும் பச்சைக் களிம்பு. கேமராவோடு வந்த தண்ணீர் புகாத மூடி, பெட்டிக்குள்ளேயே உறை பிரிக்காமல் இருந்தது! இரண்டு அங்குலம் வெட்டி, புது முனை அடித்து, மூடியை மாட்டினோம். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டோம். கம்பி வழியே வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடுகிறது. கடற்காற்று அடிக்கிற ஊர்களில் இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள்.

நேரத்தையும் சரிபாருங்கள். எங்கள் எதிர்வீட்டில் அதிகாலை இரண்டு மணி சுமாருக்கு மோட்டார் சைக்கிள் திருடு போனது. எங்கள் பதிவில் இரண்டு மணியைத் தேடினால் வெறும் தெரு. பெட்டியின் நேர மண்டலத்தை யாரும் இந்தியாவுக்கு மாற்றவில்லை, ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடியிருக்கிறது. முந்தைய நாள் இரவு எட்டரை என்ற இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவன் தெரிந்தான். காவல் நிலையத்தில் இந்த வித்தியாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் பதிவைக் கொடுத்தோம்.

*

மருந்துக் கடைக்காரர், திருச்சி:

கடைக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க, ரௌட்டரில் போர்ட் (வெளி இணைப்பு உள்ளே வரும் வாசல்) திறந்துவிடச் சொல்லி ஒருவர் அரை நாள் முயன்றார், நடக்கவில்லை. எங்கள் ரௌட்டரின் வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குள் அடக்குவதற்கென ஒதுக்கப்பட்டவை. அங்கே நம் பக்கத்தில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருவது நம்மை எட்டாது.

நடக்காமல் போனது நல்லதே என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித் திறந்துகிடந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை வைத்தே லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் (Dyn) நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே முடங்கின. நான் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, வி.பி.என். (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக மட்டும் பார்க்கிறேன்.

*

பட்டுக்கோட்டைக்காரர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மதுரை அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வாசல் கேமராவில் நூல் தொங்குவதை நேற்றே பார்த்தேன்" என்று ஒட்டடைக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேரத்தையும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கடவுச்சொல் கேமராவோடு வந்ததேதான், மாற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம். கெட்டுவிட்டது என்று கழற்றிய பழைய கேமராவைப் புதிய சுவிட்சில் மாட்டிப் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. அதைத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் வைக்க நினைக்கிறேன். வீட்டிலிருந்து 130 மீட்டர் இருக்கும். வழி முழுக்க வெட்டவெளி, ஐப்பசியில் இடி இறங்கும். லேன் கேபிளை இழுத்து நடுவில் ஒரு சுவிட்ச் வைக்கலாமா?

*

மதுரை டெக்னீஷியன்:

வேண்டாம் தம்பி. வெட்டவெளியில் அவ்வளவு நீளம் செம்பு இழுத்தால் பக்கத்தில் விழும் இடியே வீட்டிலிருக்கும் சுவிட்ச்வரை வந்துவிடும். உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் (ஒளியிழை) கேபிள் இழுங்கள், அதில் மின்சாரம் பாயாது. கொட்டகையில் மோட்டாருக்கு வருகிற மின்சாரம் இருக்கிறதே, அதிலிருந்து கேமராவுக்கு எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் ஓடும்போது அங்கே ஒரு ஃபேஸுக்கு எத்தனை வோல்ட் நிற்கிறது என்று மட்டும் முதலில் அளந்து சொல்லுங்கள்.