ஜெர்மனிக்குப் போகிறோம்: பெரியவளை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

ஓசூர்அப்பா:
வணக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். மூன்று வருட ஒப்பந்தத்தில் ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்புகிறார்கள், ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். ஜூனில் மகள் 9-ஆம் வகுப்புக்குப் போகிறாள், மகன் 4-ஆம் வகுப்பு. காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அப்பா, அம்மா "பெரியவளை எங்களிடம் விடு, பத்தாவது முடிக்கட்டும்" என்கிறார்கள். மனைவிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் கருத்து என்ன?

ரிட்டயர்டு_வாத்தியார்:
விட்டுவிட்டுப் போங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அங்கே 9, 10, 11 முடித்துத் திரும்பினால் இங்கே 12-ஆம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். 11-ஐ இங்கே படிக்காத பெண்ணை 12-இல் சேர்ப்பது லேசான வேலையா? பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இங்கே எதற்கெல்லாம் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தாத்தா பாட்டி வீட்டில் பிள்ளை வளர்வது நம் பக்கம் புதிதும் இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன எத்தனையோ பேரின் பிள்ளைகள் தருமபுரியில் அப்படித்தான் படித்தார்கள். என்னிடமே படித்தார்கள்.

கெலமங்கலத்தக்கா:
ஐயா, அப்படிப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. பாட்டி ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் தம்பியை மட்டும் அம்மா கூட்டிக்கொண்டு போனது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பெங்களூராவது பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். இங்கே பையனைக் கூட்டிக்கொண்டு பெண்ணை விடுகிறீர்கள். படிப்புக்காகத்தான் என்று நீங்கள் எத்தனை விளக்கம் சொன்னாலும் பதினாலு வயதுப் பெண் அதை வேறு விதமாகத்தான் எடுத்துக்கொள்வாள். விட்டால் இரண்டு பேரையும் விடுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள்.

பாஷையைப் பற்றியும் பயப்பட வேண்டாம். எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசுகிறார்கள். ஓசூர்ப் பிள்ளைக்கு இன்னொரு பாஷை பெரிய விஷயமில்லை.

ரிட்டயர்டு_வாத்தியார்:
தெருவில் விளையாடிக்கொண்டே பேசக் கற்பது வேறும்மா. அந்த பாஷையில் வரலாற்றுப் பாடத்துக்கு இரண்டு பக்கம் பதில் எழுதுவது வேறு.

ஸ்டுட்கார்ட்_பாலக்கோட்டான்:
வாத்தியார் சொல்வது நியாயம்தான். ஆனால் எல்லோரும் பெரியவளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இதில் பையன்தான் கவலை.

ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்தில் தொடக்கப் பள்ளி 4-ஆம் வகுப்போடு முடிகிறது. (பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் 6 வரை.) அந்த 4-ஆம் வகுப்பு நடுவிலேயே, இந்தப் பிள்ளை அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று பரிந்துரை வந்துவிடும். செப்டம்பரில் பள்ளி திறக்கிறது. ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் போய் நிற்கிற பையனைச் சில மாதத்தில் எடை போடுவார்கள். பிற்பாடு மாறிக்கொள்ள வழி உண்டு, இருந்தாலும் எதற்கு அந்த அலைச்சல்? 3-ஆம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஒரு வருடம் போனால் போகட்டும். வந்த பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தர ஆயத்த வகுப்பு பல பள்ளிகளில் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது.

இரண்டு பேரின் தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வையுங்கள். 2020 மார்ச் முதல் தட்டம்மை ஊசி போட்டதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள்.

நவம்பர், டிசம்பர் கொஞ்சம் கஷ்டம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காலை எட்டு மணிக்குத்தான் விடியும். என் பிள்ளைகள் ஊருக்குப் போகணும் என்று அழுதது அப்போதுதான், வந்த புதிதில் இல்லை. அந்த மாதங்களில் நீச்சலோ கால்பந்தோ ஏதாவது ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள். என் பையனுக்கு பாஷை வந்ததே அங்கேதான்.

அப்புறம், அங்கே 1 தான் முதல் மதிப்பெண், 6 கடைசி. இதைக் காவேரிப்பட்டணத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என் அம்மா "கணக்கில் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மாந்தோப்பு:
நான் சொன்னால் கோபப்படுவீர்கள். போய் இறங்கிய அன்றைக்கே வீட்டில் ஜெர்மன் பேச ஆரம்பியுங்கள். தமிழ் எங்கேயும் ஓடிவிடாது.

கெலமங்கலத்தக்கா:
நன்றாக ஓடும்! அப்பாவின் தப்பும் தவறுமான ஜெர்மனைக் கற்றுக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? அது பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக வந்துவிடும். பாட்டியிடம் போனில் பேசத் தமிழை யார் கொடுப்பது?

ஸ்டுட்கார்ட்_பாலக்கோட்டான்:
அக்கா சொல்வதே சரி. எங்கள் வீட்டில் வாசல் தாண்டும்வரை தமிழ்தான். மாந்தோப்பு, உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வருகிறது. கோடை விடுமுறை அங்கே ஜூலைக் கடைசியில்தான் தொடங்கும், அதற்குள் நம்மூரில் மாங்காய் சீசன் ஓய்ந்திருக்கும். ஆனால் மே கடைசி, ஜூன் வாக்கில் இரண்டு வாரம் லீவு வரும். ஊருக்கு வர அதுதான் தோது. பள்ளி நாளில் சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தால் அபராதம் போடுவார்கள்.

ரிட்டயர்டு_வாத்தியார்:
மாங்காய் இருக்கட்டும். என் 12-ஆம் வகுப்புக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஸ்டுட்கார்ட்_பாலக்கோட்டான்:
அதற்குப் பதில் கம்பெனியிடம்தான் இருக்கிறது ஐயா. கையெழுத்துப் போடுவதற்கு முன் இவர் இரண்டில் ஒன்று கேட்கலாம்: அவள் பள்ளிப் படிப்பு முடியும்வரை நீட்டிப்பு, இல்லையென்றால் 11-ஆம் வகுப்பு தொடங்கும் ஜூனுக்குள் திரும்ப அனுமதி. இரண்டும் கிடைக்காவிட்டால் நீங்கள் சொல்வதை நானும் யோசிப்பேன்.

ஓசூர்அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டோம். பையன் அங்கே கிரிக்கெட் உண்டா என்று கேட்டான். மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தாத்தாவுக்கு எப்போ தெரியும்? எனக்கு ஏன் கடைசியில் சொல்றீங்க?" என்றாள். அவளும் வருகிறாள் என்று முடிவாகிவிட்டது. நீட்டிப்பு பற்றித் திங்கட்கிழமை மேலாளரிடம் பேசுகிறேன். ஜெர்மன் சொல்லித்தரும் பெங்களூர் மேக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்கிற ஆரம்ப நிலை வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளே தேடிப் பார்த்துச் சொன்னாள். ஓசூரிலிருந்து சனி, ஞாயிறு போய் வர யாராவது பிள்ளைகளை அனுப்புகிறீர்களா? சேர்ந்து ஒரு வண்டி பேசிக்கொள்ளலாம்.